மூலையில் திரும்பாத ஸ்ட்ரெச்சர்

தாதரில் ரயில் ஏறும்போது என்னிடம் பதினொரு பொருள்கள் இருந்தன. காட்கோபரில் இறங்கும்போது பத்து. தொலைந்தது தண்ணீர் பாட்டில். நான் காட்கோபருக்குப் போகவேண்டியவனே அல்ல. மாட்டுங்கா அடுத்த ஸ்டேஷன்தான், மூன்று நிமிடம்தான் என்று விஸ்வம் ஃபோனில் சொல்லியிருந்தார். எல்லா வண்டியும் அங்கே நிற்காது என்பதைச் சொல்லவில்லை. நான் ஏறியது ஃபாஸ்ட். மாட்டுங்கா பெயர்ப்பலகை என் மூக்குக்கு நேராக வந்து நிற்காமல் பின்னால் ஓடியது. அடுத்து குர்லாவில் இறங்கப் பார்த்தேன். எனக்கும் கதவுக்கும் நடுவே பதினெட்டுப் பேர்.

"இறங்கணும்னா ஒரு ஸ்டேஷன் முன்னாடியே கதவுகிட்ட வரணும், தாத்தா. இங்கே நின்னுக்கிட்டு ‘எக்ஸ்க்யூஸ் மீ’ சொன்னா யாருக்குக் கேட்கும்?" என்று ஓர் இளைஞர் இந்தியில் சொன்னார். அப்புறம் அவரே என்னைத் தோளைப் பிடித்துக் காட்கோபரில் பிளாட்பாரத்தில் நட்டுவிட்டு, ஓடும் வண்டியில் திரும்ப ஏறிக்கொண்டார். சென்னை மின்சார ரயிலில் அறுபது வருடம் போயிருக்கிறேன். அங்கேயும் நெரிசல் உண்டு. ஆனால் நாமாக இறங்கிவிடலாம்.

விஸ்வம் என் கல்லூரி விடுதித் தோழர். பாலக்காட்டுக் குடும்பம். கப்பல் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று, மாட்டுங்காவில் மனைவி மங்களத்தோடு இருக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, ஐம்பத்துநான்கு படி.

"நீர் ஏறினது ஃபாஸ்ட் வண்டியாக்கும், ஓய். கணக்கு வாத்தியார், வண்டி எங்க நிக்கும்னு ஒரு கேள்வி கேட்கப்படாதா?"

"அடுத்த ஸ்டேஷன்னு நீர்தானே சொன்னீர்."

"நான் சொன்னதை அப்படியே நம்புவீரா?"

இந்தப் பேச்சை நான் வேடிக்கை என்று எண்ணி, மங்களம் வைத்த சேவையையும் மிளகு ரசத்தையும் சாப்பிட்டேன். மூன்று நாள் கழித்து இதே கேள்வியை ஒரு பிரிகேடியர் கேட்டார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்துக்கு ஸ்ட்ரெச்சர் வாங்கப்போகிறார்கள். மலையில் அடிபட்டவரை வண்டி நிற்கும் இடம்வரை சுமந்து இறங்குவதற்கு. எந்த மலை, எந்தப் படை என்பதை எழுதக்கூடாது. வாங்குவதற்கு முன் என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதவேண்டும். அங்கேதான் சண்டை. முதுகெலும்பு அசையாமலிருக்க முழுநீளப் பலகை வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். எடை குறையவேண்டும் என்பார்கள் சுமப்பவர்கள். மடித்தால் இத்தனை அடிக்குள் அடங்கவேண்டும் என்பார்கள் ஸ்டோர்ஸ்காரர்கள். எல்லோரும் கேட்டதைச் சேர்த்தால் முப்பத்தேழு வரி வந்தது. அப்படியே செய்தால் பதினான்கு கிலோ. ஒன்றைப் பெற இன்னொன்றை விடவேண்டும். எதை விட்டால் என்ன போகும் என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம், பதவி உயர உயர அபிப்பிராயத்தின் எடையும் கூடியது.

அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் கற்பித்தவன். கணினிக்குள் ஒரு மலைப்பாதையைச் செய்து, அதில் ஒரு காயம்பட்டவரைப் பத்தாயிரம் தடவை சுமந்து இறங்க வைத்தேன். ஒவ்வொரு தடவையும் சரிவு வேறு, மழை வேறு, சுமப்பவர்களின் களைப்பு வேறு, அடிபட்ட இடம் வேறு. பட்டியலில் ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி பத்தாயிரம் தடவை. சிமுலேஷன் என்பது இதுதான். நிஜத்தில் ஒருவரையும் சாகவிடாமல் ஆயிரக்கணக்கில் தவறு செய்து பார்ப்பது.

ஏழு மாதம் ஓட்டியதில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் மிஞ்சின. ஒன்றில் முழுநீளப் பலகை, ஒன்பது கிலோ. இன்னொன்று வெறும் கெட்டித் துணியும் மடக்குக் கம்பியும், ஐந்து கிலோ எண்ணூறு. பலகை, துணி என்றே சொல்கிறேன். நான்கு பேர் தூக்கினால் எடை வித்தியாசம் ஆளுக்கு ஒரு கிலோகூட இல்லை. இறங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். முதுகெலும்போ பலகையில் பத்திரம். ஆகவே பலகை என்று எழுதிக்கொடுத்தேன். வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் செம்பூரில் கமிட்டி கூடி, ‘முழுநீளப் பலகை கட்டாயம்’ என்ற வரியில் கையெழுத்திட வேண்டியது. கையெழுத்தானபின் அந்தக் ‘கட்டாயம்’ கல்லில் வெட்டியது மாதிரி. மாற்ற இரண்டு வருடம் ஆகும் என்றார்கள்.

நான் கவலைப்படுகிறவன். மாதிரிகளை என் கையால் நிறுத்துப் பார்க்காமல் கையெழுத்துக்கு உட்காரமாட்டேன் என்றேன். அவற்றைத் தைத்தது தாராவியில். அதனால் செவ்வாய்க்கிழமை தாராவி. என் பத்துப் பொருள்களில் ஒன்று, பெட்டிகளை நிறுக்கும் தூக்குத் தராசு.

செவ்வாய் காலையிலிருந்து மழை. மாட்டுங்காவில் இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. டாக்சி கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் "தாராவியா? தண்ணீர் நிற்குது" என்று போய்விட்டார். குடையோடு நடந்தேன். தொண்ணூறடி ரோடு என்று பெயர். உண்மையா என்று குறுக்கே அடி வைத்து எண்ண ஆரம்பித்தேன். பதினான்காவது அடியில் ஒரு டெம்போ ஹாரன் அடித்து என் கணக்கைக் கலைத்தது.

பட்டறைக்காரர் செல்லையா நாங்குநேரிப் பக்கம். ஐம்பது வயது. பைகள், பெல்ட்டுகள் தைக்கும் பட்டறை, ஒன்பது தையல் மெஷின். கம்பெனிக்காரர்கள் படம் கொடுத்தார்கள், இவர் செய்துகொடுத்தார்.

"வாங்க ஐயா. நனைஞ்சிட்டீயளே. எல, அந்த ஸ்டூல இங்கன போடு. சார் மெட்ராஸ்லருந்து நம்ம மால நிறுக்க வந்திருக்காவ."

"கம்பெனி ஒன்பது கிலோன்னு எழுதியிருக்கு. நிஜமா எவ்வளவுன்னு பார்க்கணும்."

"அவுக எழுதினது அவுக. நம்ம தராசு பொய் சொல்லாது, போடுங்க."

ஒன்பது கிலோ நானூறு. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். நானூறு கிராமைப் பிடித்துவிட்டேன். நோட்டில் இரண்டு கோடு போட்டேன். துணி ஸ்ட்ரெச்சர் சரியாக ஐந்து எண்ணூறு.

"ரெண்டுக்கும் துணி வெட்டினது நம்ம சுடலைமுத்து. மில்லிமீட்டர் பிசகாது. இன்னைக்கு ஏனோ வரல. பத்து மணிக்கு மேல ஒருநாளும் ஆனதில்ல" என்றார் செல்லையா. மணி பதினொன்று ஐந்து.

எனக்கு வந்த சாயாவில் பாதியைக் குடித்திருந்தபோது ஓர் அம்மாள் மழையில் முக்காடில்லாமல் ஓடிவந்தார். சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள்.

"அண்ணாச்சி, அவுகளுக்கு நெஞ்ச அடைக்குங்காவ. வேர்த்து ஊத்துது. மூச்சு விடமுடியல. காலைலயே சொன்னேன், கேக்கல. வாங்க அண்ணாச்சி!"

செல்லையா ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். வண்டி ரோட்டோரம் வரும். உள்ளே வராது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு நாம்தான் கொண்டுவரவேண்டும். சயான் ஆஸ்பத்திரி அதன்பின் பத்தே நிமிடம்.

"நாற்காலி எடுல" என்றார் ஒரு தையல்காரர்.

"எதுக்கு நாற்காலி? இந்தா இருக்குல்லா பட்டாளத்து ஸ்ட்ரெச்சரு!" என்று செல்லையா துணியில் கைவைத்தார்.

நான் சொன்னேன்: "அது வேண்டாம். பலகையை எடுங்க. அதுதான் நல்லது. கணக்குப் போட்டுப் பார்த்தது."

செல்லையா ஒரு கணம் என்னைப் பார்த்தார். படித்தவர் சொல்கிறார் என்று பலகையை எடுத்தார்.

சந்துக்குள் போகும்போது ஒரு கஷ்டமும் இல்லை. காலி ஸ்ட்ரெச்சரைச் செங்குத்தாக நிமிர்த்தி, கதவைத் தூக்கிப்போவது போலத் தூக்கிப் போனார்கள். நான் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு போனேன். விரித்தால் போகாது. சந்தின் அகலம் என் கையால் நான்கு சாண். வீட்டுக்கு நூற்றுநாற்பது அடி. நடுவே ஒரு மூலை, செங்கோணம்.

சுடலைமுத்து தரையில் சுவரோடு சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். ஸ்ட்ரெச்சரைக் கண்டதும் "இது நாம தச்சதுல்லா" என்றார். படுக்கவைத்து மூன்று பட்டைகளைக் கட்டினார்கள். நான்கு பேர் நான்கு பிடிகளையும் பிடித்தார்கள். வாசலைத் தாண்டியதும் நான்கு பேர் நிற்க இடமில்லை. பக்கத்துக்கு ஓர் ஆள் நின்றால் சுவர் இடித்தது. இரண்டு பேர் விலகிப் பின்னால் வந்தார்கள். வெறும் கையோடு. மிச்ச இருவர் ஆளுக்கு நாற்பது கிலோவுக்கு மேல் சுமந்தார்கள்.

மூலைக்கு வந்தார்கள். முன்னால் செல்லையா திரும்பினார். ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பின்னால் இருந்தவர் தள்ளினார். பலகையின் ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை அந்தச் சுவரில். சாய்த்தார்கள். சுடலைமுத்து பட்டையில் தொங்கினார். மழைத் தண்ணீர் கூரைத் தகரத்திலிருந்து அவர் முகத்தில் விழுந்தது.

"நிமித்துல! ஆள நிமித்து!"

"நிமித்தினா வழுக்குதாரு அண்ணாச்சி!"

முப்பத்திரண்டு வருடமும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். செங்கோண மூலை உள்ள நடைவழியில் எத்தனை நீள ஏணியைக் கிடைமட்டமாகத் திருப்பமுடியும்? கரும்பலகையில் படம் வரைவேன். விடை மனப்பாடம். அகலம் நான்கு சாண் என்றதுமே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு மீட்டர் இருபது நீளமும் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலமும் உள்ள விறைத்த பொருள் அங்கே திரும்பாது. கணக்குப்படி முடியாது. தள்ளினாலும் முடியாது. என் கணினி மலையில் சரிவு இருந்தது, மழை இருந்தது, களைப்பு இருந்தது. பாதைக்கு அகலம் இல்லை. மூலை இல்லை.

"திரும்பாது! பின்னால போங்க!" என்று கத்தினேன்.

பதினொரு அடி பின்னால், குழாயடியில் கொஞ்சம் இடம். தண்ணீரில் இறக்கிவைத்தார்கள். ஒருவர் துணி ஸ்ட்ரெச்சருக்காகப் பட்டறைக்கு ஓடினார். குழாயடியில் குடத்தோடு நின்ற ஓர் அம்மாள் இடுப்பில் கைவைத்தார்.

"நாங்க எத்தன பேர நாற்காலில வச்சு தூக்கிட்டுப் போயிருக்கோம். இவுகளுக்குப் பட்டாளத்து சாமான் கேக்குதாக்கும். செல்லையா, ஒனக்குப் பெரும பாக்க நேரமாய்யா இது?"

செல்லையா குனிந்து சுடலைமுத்துவின் முகத்துத் தண்ணீரைத் துடைத்தார். என் பக்கமும் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துணி வந்தது. அவரை மாற்றி, கால் பக்கத்தை இறக்கி, உட்கார்ந்த மாதிரி மடக்கி, இரண்டே பேர் பட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு மூலையைத் திரும்பினார்கள். ரோட்டில் ஆம்புலன்ஸ் வந்து நின்றுகொண்டிருந்தது.

என் கை தானாகவே கடிகாரத்தைப் பார்த்திருந்தது. பலகை மூலையில் மாட்டியதிலிருந்து துணி மூலையைத் தாண்டியதுவரை நான்கு நிமிடம் பத்து விநாடி. நோட்டில் எழுதப்போனேன். நோட்டு நனைந்திருந்தது.

அன்று மாலை மங்களம் அடை செய்தார். ஒன்றுகூட இறங்கவில்லை. விஸ்வம் காரணம் கேட்டார், சொன்னேன். கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

"வியாழக்கிழமை என்ன சொல்லப்போறீர்?"

"தெரியலை. ரெண்டு தடவை எழுத்துல குடுத்திருக்கேன். பலகைதான்னு."

"தாராவி சந்து வேற, மலை வேறன்னு சொல்லிட்டா தீர்ந்தது."

"தீர்ந்ததா?"

"எனக்கென்ன தெரியும், ஓய். நான் மலையைப் பாத்ததே சபரிமலை."

புதன் காலை ஐந்து மணிக்கு எழுந்து மடிக்கணினியைத் திறந்தேன். பாதைக்கு அகலம் கொடுத்தேன். வளைவுகள் கொடுத்தேன். எத்தனை வளைவு, எவ்வளவு குறுகல் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஏழு மாதத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆபீஸ் தாளில் ‘சுமப்பவர்: நால்வர்’ என்று அச்சடித்திருந்தது. அச்சடித்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். அணிவகுப்பு மைதானத்தில் பழகும்போது நால்வர்தான். மைதானத்துக்கு மூலை கிடையாது.

கணினியை ஓடவிட்டுவிட்டு, எட்டு இட்லி பொட்டலம் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேச்சியம்மாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில். பக்கத்தில் செல்லையா. இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்து இந்தியில் சொன்னார். "ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்தாச்சு. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நல்லது. நாளைவரை பார்க்கணும்."

மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை. அந்த அம்மாளுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும்.

"முன்னாலயே வந்திருக்கலாங்காரு" என்றார் என்னிடம். "காலைல ஆறு மணிக்கே நான் சொன்னதக் கேட்டிருந்தா வந்திருக்கலாம். கேக்கல. அப்புறம் அந்த மூலைல வேற... அந்தக் கட்டில எடுக்கச் சொன்னது யாரு அண்ணாச்சி?"

செல்லையா மேலே விசிறியைப் பார்த்தார். "மழைல்லா. அவசரம். கைல கெடச்சத எடுத்தோம்."

நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். எனக்கு எழுபத்துமூன்று வயது. வாயைத் திறக்கவில்லை.

மாட்டுங்கா திரும்பியபோது கணினி முடித்திருந்தது. நால்வர் தூக்கினால், அகலமான பாதையில், பழைய விடையேதான். இருவர் தூக்கினால், குறுகிய வளைவுகளோடு, பலகை சராசரியாக இருபத்திரண்டு நிமிடம் பிந்தியது. பல ஓட்டங்களில் வந்துசேரவே இல்லை. ஆனால் துணி வென்றுவிட்டது என்று சொல்லிக் கைகழுவவும் முடியவில்லை. முதுகில் அடிபட்டவர்களைத் துணி இன்னும் கெடுத்தது. ஒருவரை வேகமாகக் கொண்டுவந்து நடக்கமுடியாதவராக ஆக்குவது. அல்லது அசையாமல் வைத்துக்கொண்டு தாமதமாகக் கொண்டுவருவது. மாலை முழுவதும் பலகையை மூன்று துண்டாகவும், கழற்றி மாட்டுவதாகவும் மாற்றி மாற்றி ஓட்டினேன். கழற்றும் பலகை இரண்டுக்கும் நடுவே நின்றது. ஆனால் அதை நம்ப என்னிடம் இருந்த வளைவுகள் எல்லாம் நானாக ஊகித்தவை.

வியாழன். குர்லாவில் மாறிச் செம்பூர். இந்தத் தடவை ஸ்லோ வண்டி, ஒரு ஸ்டேஷன் முன்பே கதவருகில் நின்றேன். அப்படியும் குர்லா பாலத்தில் தவறான பக்கம் இறங்கிப் பதினெட்டு நிமிடம் போயிற்று. செம்பூர் விருந்தினர் விடுதிக்குப் பத்து ஐம்பத்திரண்டுக்கு, சட்டை முதுகோடு ஒட்ட, போய்ச்சேர்ந்தேன்.

மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். பிரிகேடியர் தலைவர். கதவோரம் தனி நாற்காலியில் ஒரு சுபேதார். மாதிரிகளைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவதற்காக வந்தவர். பேச்சுவார்த்தையில் அவருக்குப் பங்கில்லை. தட்டில் சமோசாவும் பிஸ்கட்டும். பேனாக்கள் மூடி திறந்து தயாராக.

எழுந்து சொன்னேன். பாதைக்கு அகலம் வைக்கவில்லை. வளைவு வைக்கவில்லை. நால்வர் என்பதைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டேன். என் விடை தவறு. கழற்றி மாட்டும் பலகை சரிவரலாம், ஆனால் மலையின் வளைவுகளை அளந்தபின்தான் சொல்லமுடியும். கையெழுத்திடாதீர்கள்.

நாற்காலிகள் கிரீச்சிட்டன. கம்பெனிப் பொறியாளர் பொறுமையாகச் சொன்னார். "சார், இரண்டு தடவை நீங்களே ரிப்போர்ட் கொடுத்தீர்கள். தாராவியில் ஒரு சந்தில் ஒருநாள் நடந்ததை வைத்துப் பத்தாயிரம் ஓட்டங்களைத் தள்ளிவிடலாமா?"

"பத்தாயிரம் ஓட்டத்திலும் அதே தவறு இருந்தால், அது ஒரே ஓட்டம்தான்" என்றேன்.

பிரிகேடியர் கண்ணாடியைக் கழற்றினார். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். "புரொபசர், காகிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினீர்களா? நல்லது. இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். இதைத் தள்ளிப்போட்டால், பனிக்கு முன் மேலே எதுவும் போய்ச்சேராது. பழைய ஸ்ட்ரெச்சர் பாதி கிழிந்தது. இந்தத் தாமதத்தில் ஒருவன் விழுந்தால், அவனை உங்கள் கணக்கில் எந்த வரியில் போடுவீர்கள்?"

கூட்டத்தில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் இருபத்தாறு தடவை துடித்தது. அதையும் எண்ணினேன்.

அப்புறம் கேட்டேன். "இந்தக் கட்டிடத்தில் பின்பக்கப் படிக்கட்டு இருக்கிறதா?"

இருந்தது. வேலைக்காரர்கள் போய்வரும் குறுகிய படிக்கட்டு, நடுவில் ஒரு திருப்பம். பலகை ஸ்ட்ரெச்சரைத் தரையில் விரிக்கச் சொன்னேன். அதில் நானே படுத்தேன்.

"என் எடை ஐம்பத்தொன்பது கிலோ. உங்கள் ஆளைவிடக் குறைவு. என்னைக் கீழே கொண்டுபோங்கள். கொண்டுபோய்விட்டால் கையெழுத்திடுங்கள்."

"புரொபசர், உங்கள் வயதுக்கு..."

"பட்டையைக் கட்டுங்கள்."

ஒரு கர்னல், ஒரு டாக்டர், பொறியாளர், இன்னொருவர். நால்வர். படிக்கட்டு வாசலிலேயே இருவர் கழன்றார்கள். ஏழு படி இறங்கியதும் திருப்பம். தலைப்பக்கம் சுவரில் இடித்தது. கால்பக்கம் கைப்பிடிக் கம்பியில் மாட்டியது. என்னைச் சாய்த்தார்கள். பட்டை என் விலா எலும்பில் ஏறியது. கூரையில் ஒரு பல்லி தலைகீழாகத் தெரிந்தது. கையை அசைக்கமுடியவில்லை. கீழே விழுவேனா என்பது என்னைத் தூக்கியவரின் விரல்களைப் பொறுத்தது. அந்த விரல்கள் நழுவுவது எனக்குத் தெரிந்தது. முதன்முறையாக நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

"சாப், நிறுத்துங்கள்." சுபேதார். இந்தியில். யாரும் கேட்காமலே பேசினார். இறங்கி வந்து என் கால்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, பின்னோக்கி மேலே ஏற்றினார். என்னை அவிழ்த்து நிறுத்தினார்.

பிரிகேடியர் அவரைப் பார்த்தார். "மலையில் எத்தனை பேர் தூக்குவீர்கள்?"

"இரண்டு பேர், சாப். சில இடத்தில் ஒருவன் முதுகில். நாலு பேரும் தூக்கினால் காவலுக்கு யார் நிற்பது?"

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"கேள்வித்தாள் வந்தது, சாப். எடை சரியா, நிறம் சரியா, பிடி சரியா என்று கேட்டிருந்தது. எத்தனை பேர் என்று கேட்கவில்லை. தாளின் தலைப்பில் ‘நால்வர்’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. ராணுவத் தாளில் அச்சடித்ததை நான் அடிக்கலாமா?"

பிரிகேடியர் மேஜைக்குத் திரும்பி, பட்டியலில் ‘கட்டாயம்’ என்பதை அவர் கையாலேயே கோடிட்டு அடித்தார். ‘கழற்றக்கூடிய பலகை, இருவர் சுமக்க, மலைப்பாதை வளைவில் சோதித்தபின்’ என்று எழுதினார். ஆறு வாரம். சுபேதார் வளைவுகளை அளந்து அனுப்பவேண்டும், நான் மறுபடி ஓட்டவேண்டும். போகும்போது பிரிகேடியர் என்னிடம் சொன்னார்: "என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, புரொபசர். ஆறு வாரமும் நான் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்."

நானும்.

சமோசா ஆறிவிட்டது. ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, செம்பூரிலிருந்து டாக்சியில் சயானுக்குப் போனேன். வழிநெடுக ஒரே கவலை. டாக்டர் சொன்ன ‘நாளை’ இதுதான்.

பெஞ்சு காலியாக இருந்தது. பேச்சியம்மாளும் இல்லை, செல்லையாவும் இல்லை. வார்டுபாய் ஒருவர் உள்ளே கையைக் காட்டினார். பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பதினாறாவது படுக்கை.

சுடலைமுத்து தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேச்சியம்மாள், கால்மாட்டில் செல்லையா. நான் நின்றபடியே சொன்னேன்.

"அம்மா, அந்தப் பலகையை எடுக்கச் சொன்னது நான்தான். செல்லையா இல்லை. அப்படி ஒண்ணு வேணும்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். ஸ்பூன் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.

"எனக்கு நேத்தே தெரியும்" என்றார். "செல்லையா அண்ணாச்சி பொய் சொன்னா விசிறியத்தான் பாப்பாரு. நீங்க சொல்லுதீயளான்னு பாத்தேன்." பிறகு கணவர் வாயில் ஸ்பூனை வைத்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

கஞ்சியை விழுங்கிவிட்டுச் சுடலைமுத்து கேட்டார். "நேரத்த எண்ணினீயளாமே சார். அந்த மூலைல எவ்வளவு?"

"நாலு நிமிஷம் பத்து விநாடி."

"அம்புட்டுத்தானா? எனக்கு ஒரு ஷிப்ட்டு மாதிரி இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டா? நெஞ்சுப்பட்டையோட பக்கிள் தப்பான எடத்துல இருக்கு. நெஞ்சு அடைக்கவனுக்கு அது மேலயே ஏறி உக்காருது. நாந்தான் வெட்டினேன். படத்துல இருந்தபடி வெட்டினேன். படுத்துப் பாத்தாத்தான தெரியுது."

என் விலாவில் இன்னும் வலி இருந்தது. அதே இடம். நோட்டைத் திறந்தேன். ஏழு மாதமாக என் சிமுலேஷனில் அந்த மனிதருக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘சுமை, எழுபத்தைந்து கிலோ.’ அதற்குக் கீழே, பக்கிள் எத்தனை விரற்கடை தள்ளி இருக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

சுடலைமுத்து சட்டையை விலக்கி, நெஞ்சில் விரலை வைத்து அளந்து காட்டினார்.

"மூணு" என்றார். "இல்ல, இருங்க. நாலு."